பழத்துக்குப் பேர் இல்லையா?

சமையல் குறிப்பு எழுதற மக்களே, உங்க எல்லார்கிட்டயும் எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கு. ரொம்ப நாளா மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கரண்ட்டும் இருக்கு, வீட்ல சத்தமும் இல்லை. அதனால முடிச்சிடலாம்னு உக்காந்துட்டேன். சண்டைக்கான விஷயம், சிரிக்காதீங்க, வாழைப்பழ பிரெட்.

2020 ஊரடங்குல ஆரம்பிச்ச வியாதி இது. உலகம் பூரா வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தப்ப எல்லாரும் வாழைப்பழ பிரெட் சுட்டாங்க. நம்மாளுங்களும் சுட்டோம். தப்பே இல்லை. நானும் அந்தக் கட்சிதான், எங்க வீட்டு ஓடிஜி அடுப்புக்கு வாய் இருந்தா அழும். என் கோவம் வேற. அன்னைலேருந்து இன்னைக்கு வரைக்கும் நான் படிச்ச தமிழ்க் குறிப்புகள்ல எதை எடுத்தாலும், மைதாவுக்கு கிராம் கணக்கு இருக்கும். வெண்ணெய்னா உப்புப் போடாதது, அறை வெப்பநிலையில இருக்கணும்னு சட்டம் இருக்கும். வெனிலா எசன்ஸ் எந்தக் கம்பெனின்னு படத்தோட இருக்கும். ஆனா பழம்? “நன்கு கனிந்த வாழைப்பழம் - 3.” அவ்வளவுதான்.

என்ன பழம் தாயி?

நம்மூர்ல எந்தப் பொட்டிக்கடைக்கு வேணா போய் “வாழைப்பழம் குடுங்க”ன்னு கேட்டுப் பாருங்க. கடைக்காரர் திருப்பி ஒரு கேள்வி கேப்பார். “என்ன பழம்?” பூவனா, ரஸ்தாளியா, கற்பூரவல்லியா, நாட்டுப்பழமா, செவ்வாழையா, மோரிஸா, மலைப்பழமா? படிக்காத கடைக்காரருக்குத் தெரிஞ்ச விஷயம், அளவு ஸ்பூன் செட்டு வாங்கி வெச்சிருக்கற நமக்கு எப்படிங்க மறந்து போச்சு? 1989ல வந்த கரகாட்டக்காரன்ல ரெண்டு பழத்துக்கு அவ்வளவு பெரிய பஞ்சாயத்தே நடந்துச்சு. நாம மூணு பழத்தைப் போட்டுட்டு பேரைக்கூடச் சொல்றதில்லை :-)

எங்கேருந்து வந்துச்சு இந்தப் பழக்கம்னு யோசிச்சா, பதில் ஈஸி. அமெரிக்கக் குறிப்பை அப்படியே தமிழ்ல பெயர்த்ததுலேருந்து வந்துச்சு. அங்கே சூப்பர் மார்க்கெட்ல “பனானா”ன்னா பெரும்பாலும் ஒரே ரகம், கேவண்டிஷ். அதனால அவங்களுக்குப் பேர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அந்தக் கேவண்டிஷ்தான் நம்மூர்ல மோரிஸ். இப்ப திசு வளர்ப்புல வர்ற ஜி9-னு சொல்றதும் அதே வீட்டுப் பிள்ளைதான். மஞ்சளா, நீளமா, ஒரு புள்ளி இல்லாம, ஷோகேஸ்ல அடுக்கினா அழகா இருக்கும். அவங்க குறிப்பைப் பார்த்து, அவங்க பழத்தையே வாங்கி, அவங்க படத்துல வர்ற மாதிரியே கட் பண்ணி போட்டோ எடுக்கறோம். நடுவுல நாம எதுக்கு?

இதுல ஒரு பெரிய வேடிக்கை இருக்கு. இந்த பிரெட் அமெரிக்காவுல பரவலானது 1930கள்ல. பேக்கிங் பவுடரும் சோடா உப்பும் மளிகைக் கடையில சாதாரணமா கிடைக்க ஆரம்பிச்சு, பெரும் பொருளாதார மந்தத்துல எதையும் தூக்கிப் போட மனசு வராம, கறுத்துப் போன பழத்தை மாவுல பிசைஞ்ச காலம். 1933ல பில்ஸ்பரி கம்பெனி போட்ட சமையல் புத்தகத்துலயே இது இடம் பிடிச்சிருச்சு. அப்ப அவங்க சாப்பிட்ட பழம் கேவண்டிஷே கிடையாது! குரோ மிஷேல்னு வேற ஒரு ரகம். பனாமா வாடல் நோய் வந்து அந்த ரகத்தோட தோட்டங்களை அழிச்சுது. 1960கள் வாக்குல கம்பெனிக்காரங்க வேற வழியில்லாம கேவண்டிஷுக்கு மாறினாங்க. ஆக “ஒரிஜினல் ரெசிபி, பழம் மாத்தினா கெட்டுப் போகும்”னு சொல்றவங்களே, ஒரிஜினல்ல இருந்த பழத்தை அவங்களே மாத்தி அறுபது வருஷம் ஆச்சு. அவங்க மாத்தலாம், நாம மாத்தக் கூடாதா?

கதை அதோட முடியலை. ஒரே ரகத்தை உலகம் பூரா நட்டா என்ன ஆகும்னு குரோ மிஷேல் ஒரு தடவை காட்டிருச்சு. இப்ப அதே வாடல் நோயோட புது வடிவம், டிஆர்4-னு சொல்றாங்க, கேவண்டிஷையே சாய்க்குது. 2019ல கொலம்பியாவுல உறுதி பண்ணினாங்க. நம்ம வட மாநிலங்கள்லயும் கண்டுபிடிச்சிருக்காங்க. இப்படி இருக்கறப்ப பத்து ரகப் பழம் கையில வெச்சிருக்கற நாம, ஒத்தை ரகத்துக்குப் போய்க் கொடி பிடிக்கறோம்.

சரி, இப்ப எங்க ஊர்ப்பக்கம் வரேன். நான் வத்தலக்குண்டுக்காரி. கொடைக்கானல் மலை ஏற்றதுக்கு முன்னாடி நீங்க டீ குடிக்க நிறுத்தறீங்களே, அதே ஊர். எங்களுக்கு ‘மலைப்பழம்’னா ஒண்ணுதான், விருப்பாச்சி வாழை. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்துல இருக்கற விருப்பாச்சி, வேலுநாச்சியாருக்கு அடைக்கலம் குடுத்த கோபால் நாயக்கரோட பாளையம், அந்த ஊர்ப் பேர்தான் பழத்துக்கும். இன்னொரு பக்கம் திண்டுக்கல்லை ஒட்டின சிறுமலைக்கும் தனிப் பேர், சிறுமலைப் பழம். ரெண்டுக்கும் 2008லயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லணும். கொடைக்கானல் டவுன்ல இந்தப் பழம் விளையாது. அது ஏழாயிரம் அடி, அந்தக் குளிர் வாழைக்கு ஆகாது. பழம் விளையறது கீழ் பழனி மலையில. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர், கே.சி.பட்டி, பெரும்பாறை இந்தப் பக்கம். காபித் தோட்டத்துக்குள்ள நிழலுக்கு நிழல், வருமானத்துக்கு வருமானம்னு வாழையை ஊடால வெச்சாங்க. கூடவே மிளகு, ஆரஞ்சு, ஏலம். கீழ்நாட்டு வாழை மாதிரி வாய்க்கால் தண்ணி கிடையாது, மழையை நம்பித்தான். பக்கக்கன்னு மேல பக்கக்கன்னு விட்டு வருஷக்கணக்கா ஒரே தோட்டம் நிக்கும். நீங்க பஸ்ஸுல போறப்ப பண்ணைக்காடு பிரிவுல, ஊத்துல எல்லாம் தார் தொங்குதே, அது இந்தச் சரிவுகள்லேருந்து வர்றது.

இந்தப் பழத்துக்கு வந்த பெரிய அடி முடிக்கொத்து நோய். வைரஸ். அசுவினிப் பூச்சி ஒரு மரத்துலேருந்து இன்னொரு மரத்துக்குத் தூக்கிட்டுப் போகும். குருத்து கொத்தா நெருங்கி, இலை குட்டையாகி, மரம் குலை தள்ளாமயே நிக்கும். வந்துட்டா மருந்து கிடையாது. வேரோட பிடுங்கி அழிக்கணும். 1970களுக்கு அப்புறம் மலைவாழைப் பரப்பு பெருமளவு சுருங்கினதுக்கு முக்கியக் காரணம் இதுதான். தடியன்குடிசையில வேளாண் பல்கலையோட ஆராய்ச்சி நிலையம் இருக்கு. திருச்சியில 1993லேருந்து தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கு. நோய் இல்லாத திசு வளர்ப்புக் கன்னு உருவாக்கி விவசாயிகளுக்குக் குடுத்து, இந்தப் பழத்தைத் தூக்கி நிறுத்தப் பாடுபட்டாங்க. அதுக்கப்புறமும் யானை வரும், காட்டுமாடு வரும், காத்து அடிக்கும். இத்தனையும் தாண்டி ஒரு தார் கீழ வந்தா, அதை வாங்கறதுக்கு ஆள் வேணுமே?

யாரு வாங்கறா? பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும். திண்டுக்கல் சிறுமலை செட்டுக்குப் போகும். மத்தபடி வயசான பெரியவங்க “மலைப்பழம் வயித்துக்கு நல்லது”ன்னு ரெண்டு வாங்குவாங்க. நம்ம தலைமுறை எங்கே? ஜி9 முன்னாடி. ஏன்னா அது மஞ்சளா இருக்கு.

இப்ப “ஈரப்பதம்” மேட்டருக்கு வரேன். ஏன்னா நம்ம குறிப்புகள்ல எல்லாம் தலைப்பே “சாஃப்டான, ஈரப்பதமான” அப்படின்னுதானே. மக்கள் நினைக்கறது, பழத்துல தண்ணி அதிகம் இருந்தா பிரெட் ஈரமா வரும்னு. அது அப்படி இல்லை. தண்ணி அதிகம் இருந்தா பிரெட் ஈரமா வராது, அடியில களி மாதிரி ஒரு பட்டை நிக்கும். நடுவுல வேகாது. வேகட்டும்னு கூட இருபது நிமிஷம் விட்டா மேல கருகும், ஓரம் காயும். ஈரம்ங்கறது ஊத்தின தண்ணி இல்லை. பிடிச்சு வெச்சிருக்கற தண்ணி.

யாரு பிடிச்சு வைப்பா? முதல்ல சர்க்கரை. வாழை காயா இருக்கறப்ப முழுக்க மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அதுல பெரும்பகுதி சர்க்கரையா மாறும். அதுல இருக்கற குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் காத்துல இருக்கற ஈரத்தையே இழுக்கற ஜாதி. அடுப்புல போனாலும் தண்ணியை லேசுல விடாது. அதனாலதான் தோல் கறுக்கற வரைக்கும் பழுக்க விடச் சொல்றது. ரெண்டாவது, பழத்தோட நார், பெக்டின். மூணாவது, கொழுப்பு.

இப்ப யோசிங்க. பஞ்சாமிர்தத்துக்கு ஏன் இந்த மலைப்பழம்? வழிவழியா சொல்ற காரணம் என்ன? தண்ணி கம்மி, சதை கெட்டி, சீக்கிரம் கெடாது. பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலம், கூடப் பேரீச்சை, கல்கண்டு. ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தறதில்லை. பதப்படுத்தற ரசாயனம் இல்லை. ஆனாலும் அது நாள் கணக்குல குழைவா, பளபளன்னு, ஈரமா நிக்குது. தண்ணி குறைச்சலான பழத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் சேர்த்தா ஈரம் நிக்கும்ங்கற பாடத்தைப் பழனியில டப்பாவுல அடைச்சு விக்கறாங்க. 2019ல அதுக்கும் புவிசார் குறியீடு குடுத்தாச்சு. நாம என்னடான்னா “மாய்ஸ்ட் பனானா பிரெட்” ரகசியம் என்னன்னு ஓஹையோக்காரம்மாகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கோம்!

அடுத்தது, மேல் மலைக்கு வரேன். கொடைக்கானலுக்கும் பேக்கிங்குக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1845ல அமெரிக்க மதுரை மிஷன்காரங்க வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து மேல ஏறி முதல் பங்களாக்களைக் கட்டினாங்க. 1901ல அவங்க பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வந்துச்சு. அவங்க சமையல்கட்டுல அடுப்பு வந்துச்சு, அந்த அடுப்பு முன்னாடி நின்னது நம்ம ஆளுங்க. கேக்கும் பிரெட்டும் சீஸும் இன்னைக்கும் அந்த ஊர் அடையாளமா இருக்கறது சும்மா இல்லை. நல்ல பேக்கரி இன்னமும் இருக்கு, உழைக்கறவங்க இருக்காங்க. அவங்க மேல எனக்குச் சண்டை இல்லை.

சண்டை ‘ஹோம்மேட்’ங்கற வார்த்தை மேல. கொடைக்கானல் போறவங்க ஹோம்மேட் சாக்லேட் வாங்காம இறங்கறதில்லை. கோகோ அந்தக் குளிர்ல விளையாது. பெரும்பாலும் வெளியூர்லேருந்து வர்ற கட்டியை உருக்கி அச்சுல ஊத்தறதுதான். சரி, சாக்லேட்டாவது நம்ம மலைப் பொருள் இல்லை, விடுங்க. வாழைப்பழ பிரெட்டுக்கு என்ன வந்துச்சு? போன சீசன்ல மேல ஒரு கடையில, பேர் வேணாம், ‘கொடை ஸ்பெஷல் ஹோம்மேட் பனானா பிரெட்’னு ஒரு பொட்டலம் வாங்கினேன். திருப்பிப் படிச்சேன். மைதா, சர்க்கரை, பாமாயில், அப்புறம் வரிசையா என்னென்னமோ, கடைசியா வாழைப்பழ ஃபிளேவர். நம்ம நாட்டு விதிப்படி பொட்டலத்துல சேர்மானங்களை எடை அதிகத்துலேருந்து கம்மிங்கற வரிசையிலதான் போடணும். அப்ப கணக்குப் போட்டுக்குங்க, அந்தப் பழம் எவ்வளவு வந்திருக்கும்னு. பழம்னு ஒண்ணே வரலை, வாசனைதான் வந்திருக்கு. ஐசோஅமைல் அசிடேட்னு ஒரு சமாச்சாரம், வாழைப்பழ எசன்ஸோட உயிர் அதுதான். நெயில் பாலிஷ் கடைப்பக்கம் போன மாதிரி இருந்துச்சு.

அந்தக் கடையிலேருந்து பண்ணைக்காடு எவ்வளவு தூரம்? ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகாது. அங்கே, சீப்பு உதிர்ந்து போன பழத்தை, காம்பு விட்ட பழத்தை, புள்ளி விழுந்ததை என்ன பண்றதுன்னு தெரியாம ஒரு அண்ணன் நிக்கறார். நான் கேட்டேன், “இதை என்னண்ணே பண்ணுவீங்க?” “மாட்டுக்குத்தான் தாயி. வண்டி சத்தத்துக்குக்கூட கட்டுப்படியாகாது. கறுத்ததை யாரு வாங்குவா?”

நாம வாங்குவோம்யா! கறுத்ததைத் தேடித் தேடி, மூணு நாள் காகிதப் பையில மூடி வெச்சு, கறுக்க வெச்சுச் சுடறவங்க நாமதானே! உலகத்துலயே கறுத்த பழத்துக்கு மதிப்புக் குடுக்கற ஒரே கூட்டம் பிரெட் சுடற கூட்டம். அந்த அண்ணன் கொட்டறதும் நாம தேடறதும் ஒரே பொருள். நடுவுல இருக்கற ஒரே தடை, நம்ம குறிப்புல அந்தப் பழத்தோட பேர் இல்லை. என் மொத்தச் சண்டையும் இந்த ஒரு வரிதான்.

புவிசார் குறியீடு வாங்கிட்டா எல்லாம் சரியாயிடும்னு ஒரு நெனப்பு நமக்கு. பேப்பர்ல செய்தி வந்ததும் ‘தமிழனின் பெருமை’ன்னு நாலு வரி எழுதி ஃபார்வர்டு பண்ணிட்டுத் தூங்கப் போயிடறோம். குறியீடு பேரைக் காப்பாத்தும். வேற ஊர்ப் பழத்தை விருப்பாச்சின்னு விக்கக் கூடாதுன்னு சொல்லும். ஆனா பழத்தை அது விக்காது. தின்ன ஆள் இல்லாத பழத்துக்கு எத்தனை சர்ட்டிபிகேட் குடுத்தாலும் அடுத்த வருஷம் அந்தச் சரிவுல வேற ஏதாவது நிக்கும். இல்லேன்னா ரிசார்ட்டு நிக்கும்.

இப்ப நீங்க என்ன கேப்பீங்கன்னு தெரியும். வரிசையா வாங்க.

“எந்தப் பழம் போட்டா என்னக்கா, அடுப்புல போனா எல்லாம் ஒண்ணுதானே?” இல்லை. கேவண்டிஷ்ல இனிப்பு இருக்கு, புளிப்பு கம்மி. மலைப்பழத்துல தேன் மாதிரி இனிப்போட லேசா ஒரு புளிப்பு. அந்தப் புளிப்புதான் சோடா உப்போட சேர்ந்து பொங்க வைக்கற வேலையில பங்கு எடுக்குது, திகட்டாம வைக்குது. ரெண்டையும் ஒரே நாள், ஒரே மாவுல, ரெண்டு டின்ல சுட்டு நான் பேர் சொல்லாம வீட்ல குடுத்தேன். என் மாமியார், சாதாரணமா என் சமையலை ஒத்துக்கற ஆள் கிடையாது, மலைப்பழ பிரெட்டைத் தின்னுட்டு “பழனிக்குப் போயிட்டு வந்தியா?”ன்னு கேட்டாங்க. எனக்கு அது போதும்.

“விலை ஜாஸ்தி.” ஆமா, ஜாஸ்திதான். மறுக்கலை. ஆனா ஒரு பிரெட்டுக்கு வேணுங்கறது உரிச்ச பழம் 350 கிராம். அதுக்கு மேல தூவ வால்நட் வாங்கறீங்களே, அது எங்கேருந்து வருது? காஷ்மீர், இல்லேன்னா கலிஃபோர்னியா. கொட்டைக்குக் கலிஃபோர்னியா வரைக்கும் போறவங்க, பழத்துக்குப் பண்ணைக்காடு வரைக்கும் போக மாட்டீங்களா? வால்நட்டை விட்டுட்டு அந்தக் காசுல நல்ல பழம் வாங்குங்க. பேர்லயே இருக்கு, அது வாழைப்பழ பிரெட், வால்நட் பிரெட் இல்லை.

“சென்னையில, பெங்களூர்ல, சிங்கப்பூர்ல எங்கே கிடைக்கும்?” நியாயமான கேள்வி. சென்னை, கோயம்புத்தூர்ல தேடினா பழமுதிர் கடைகள்ல மலைப்பழம் பார்க்கலாம். கிடைக்கலையா, விருப்பாச்சிதான் வேணும்னு நான் அடம் பிடிக்கலை. நாகர்கோவில்காரங்க மட்டி போடுங்க. கன்னியாகுமரி மட்டிக்கும் 2023ல குறியீடு வந்தாச்சு. கேரளா பார்டர்ல இருக்கறவங்க நேந்திரன் போடுங்க, மாவுச்சத்து ஜாஸ்தி, நல்லாக் கறுக்க விடணும். திருச்சிக்காரங்க பூவன் போடுங்க, புளிப்பு இருக்கறதால சோடா உப்புக்கு ஜோடிப் பொருத்தம். கற்பூரவல்லி போட்டா சர்க்கரையைக் குறைங்க. ஆளுக்கு ஒரு ரகம் எழுதினா எவ்வளவு பெரிய பொக்கிஷம் சேரும்! எல்லாரும் “வாழைப்பழம் - 3”ன்னு எழுதினா ஒரே குறிப்போட நூறு காப்பிதான் சேரும்.

“சாமிக்குப் போற பழத்தை முட்டையோட சேர்த்து...” இந்தக் கேள்வியை எங்க சித்தியே கேட்டாங்க. சித்தி, பழம் சாமிக்கும் போகுது, குழந்தை வாய்க்கும் போகுது, குரங்குக்கும் போகுது. முருகன் ஒரு பழத்துக்காகக் கோவிச்சுக்கிட்டு மலை ஏறினவர்தான், ஆனா விவசாயி பிழைக்கறதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டார். முட்டை வேணாம்னா தயிர் ஊத்துங்க. கீழ சொல்லியிருக்கேன்.

வெறும் வாய்ச்சவடால்னு சொல்லிடக் கூடாதுங்கறதுக்காக, எங்க வீட்டு அளவு:

நல்லாப் பழுத்த மலைப்பழம், உரிச்சு 350 கிராம். பழம் சின்னது, எண்ணிக்கை பார்க்காதீங்க, தராசுல வைங்க. மைதா 125, கோதுமை மாவு 125 கிராம். நாட்டுச் சர்க்கரை 120 கிராம். எண்ணெய் 80 மில்லி. முட்டை 2. கெட்டித் தயிர் 2 டேபிள்ஸ்பூன். சோடா உப்பு 1 டீஸ்பூன், தலை தட்டி. உப்பு அரை டீஸ்பூன். ஏலக்காய் நாலு, தட்டிப் போடுங்க. வெனிலா வேணாம், தயவுசெஞ்சு வேணாம்.

பழத்தைக் கையால பிசைங்க. மிக்ஸியில போட்டா கூழாகி, பிரெட் ரப்பர் மாதிரி வரும். ஈரமான பொருளை எல்லாம் ஒரு பாத்திரத்துல, உலர்ந்ததை இன்னொண்ணுல. ரெண்டையும் சேர்த்தப்புறம் மாவு தெரியாம போற வரைக்கும் கிளறினா போதும், அதுக்கு மேல ஒரு சுத்து கூட வேணாம். கிளறக் கிளற மைதாவுல இருக்கற பசைத்தன்மை இறுகிடும். 170 டிகிரி, 55 நிமிஷத்துலேருந்து ஒரு மணி நேரம். குச்சி விட்டா ரெண்டு பிசிறு ஒட்டி வரணும். சுத்தமா வந்துச்சுன்னா காஞ்சாச்சுன்னு அர்த்தம். ஆறினதும் மூடி வைங்க, மறுநாள் வெட்டுங்க. மறுநாள்தான் இதுக்கு ருசி.

ஏன் வெண்ணெய் இல்லை, எண்ணெய்? மலை ஊர்க் குளிர்ல வெண்ணெயும் நெய்யும் உறைஞ்சு போகும், ஈரமா இருக்கற பிரெட்கூட வாயில வறட்டுன்னு தெரியும். எண்ணெய் உறையாது. தேங்காய் எண்ணெயும் குளிர்ல உறையற ஜாதிதான், அதனால மேல இருக்கறவங்க வேற எண்ணெய் எடுங்க. முட்டை வேணாதவங்க தயிரை 120 கிராம் ஆக்குங்க, கொஞ்சம் அடர்த்தியா வரும், ருசி போகாது.

கொடைக்கானல் டவுன்லயே சுடறவங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அந்த உயரத்துல காத்தழுத்தம் குறைவு. தண்ணி 93 டிகிரி வாக்குலயே கொதிச்சிடும். சோடாவுலேருந்து வர்ற வாயு ஜாஸ்தி விரியும், பிரெட் சட்டுனு பொங்கி நடுவுல குழி விழும், ஈரமும் சீக்கிரம் ஓடும். அதனால சோடா உப்பை முக்கால் டீஸ்பூனாக் குறைங்க, தயிர் ஒரு ஸ்பூன் கூட்டுங்க, அடுப்பை 180க்கு ஏத்துங்க. கடல் மட்டத்துல எழுதின அமெரிக்கக் குறிப்பை ஏழாயிரம் அடியில அப்படியே செஞ்சுட்டு “எனக்குக் கை ராசி இல்லை”ன்னு அழுத ரெண்டு பேரை எனக்குத் தெரியும். ராசி நல்லாத்தான் இருக்கு. குறிப்புதான் ஊர் தெரியாம வந்தது.

கடைசியா என் கோரிக்கை. பெருசா ஒண்ணும் இல்லை, யாரும் உண்ணாவிரதம் இருக்க வேணாம். இனிமே வாழைப்பழம் போட்டு என்ன எழுதினாலும், அப்பமோ பணியாரமோ பிரெட்டோ, என்ன பழம்னு பேர் எழுதுங்க. எந்த ஊர்ப் பழம்னு தெரிஞ்சா அதையும் எழுதுங்க. பழைய பதிவுகளைத் திறந்து அந்த “வாழைப்பழம் - 3”ஐத் திருத்துங்க. மலைக்குப் போறவங்க, இறங்கற வழியில எசன்ஸ் பொட்டலத்துக்குக் குடுக்கற காசுக்கு, ரோட்டோரம் தொங்கற தார்ல ஒரு சீப்பு வாங்கிட்டு வாங்க. “புள்ளி விழுந்தது இருக்காண்ணே?”ன்னு கேட்டு வாங்குங்க. அந்தக் கேள்வியை ஒரு நாளைக்குப் பத்து பேர் கேட்டா, மாட்டுக்குப் போறது மனுஷனுக்கு வந்து சேரும்.

அரிசியில ரகம் கேக்கறோம், மாம்பழத்துல ரகம் கேக்கறோம், காபிப் பொடியில சிக்கரி எத்தனை சதவீதம்னு சண்டை போடறோம். வாழைப்பழம் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?

பின்னூட்டத்துல திட்டறவங்க தாராளமா திட்டலாம். ஒரே ஒரு நிபந்தனை. திட்டறதுக்கு முன்னாடி நீங்க கடைசியா சுட்ட பிரெட்ல போட்டது என்ன பழம்னு முதல் வரியில எழுதிடுங்க. “தெரியலை”ன்னு எழுதறவங்க கட்சியில சேர்ந்தாச்சுன்னு எடுத்துக்கறேன் :-)

டிஸ்கி: நான் வாழைத் தோட்டக்காரி இல்லை, பழக் கமிஷன் மண்டியும் இல்லை. எங்க வீட்டுக் கொல்லையில நிக்கறது ஒரே ஒரு மரம், அதுவும் பூவன்.